தடுப்பூசிக்குள் ஒரு பசு

லண்டன் மோர்டனில் நார்தர்ன் லைன் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் டூட்டிங் பிராட்வே. அங்கே தோசை சாப்பிடப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, பக்கத்து செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஒரு மாட்டுத்தோல் இருக்கிறது. பிளாசம் என்ற பசுவினுடையது என்கிறார்கள். 'வாக்சின்' என்ற சொல் பிறந்ததே அந்தப் பசுவால்தான். லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு.

செயின்ட் ஜார்ஜில் படித்த எட்வர்ட் ஜென்னர், 1796 மே 14 அன்று, பிளாசத்திடமிருந்து பசு அம்மை தொற்றிய பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்து நீரை எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி ஏற்றினார். சில வாரம் கழித்துப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. (இன்றைக்கு இப்படிச் செய்தால் ஜெயில்தான்.) இரண்டு வைரஸ்களும் ஒரே குடும்பம். ஒன்றோடு மோதிப் பழகிய உடல் மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளும்.

ஆக, அன்று வாக்சின் என்றால் பசு அம்மைச் சீழ் மட்டுமே. நம்மூரில் அதற்கு அம்மைப்பால் என்று பெயர். போடுவது 'அம்மை குத்துதல்'. அதைக் கன்றுகளின் தோலில் வளர்த்து எடுத்தார்கள். சென்னை கிண்டியில் 1899-இல் கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கியதே அம்மைப்பால் தயாரிக்கத்தான்.

சொல்லைப் பசுவிடமிருந்து பிரித்தவர் லூயி பாஸ்டர். கோழிக் காலராவுக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் வலுக்குறைத்த கிருமிகளை உண்டாக்கிய அவர், ஜென்னருக்கு மரியாதையாக அவற்றையும் வாக்சின் என்றே அழைக்கலாம் என்று 1881 லண்டன் மருத்துவ மாநாட்டில் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அம்மை குத்தப் பயன்பட்ட வைரஸும் பசு அம்மை வைரஸும் வெவ்வேறு என்று 1939-இல் தெரியவந்தது. முன்னது குதிரை அம்மைக்குத்தான் அதிக நெருக்கமாம்.

பிறகு கிருமியும் தேவையில்லை என்றானது. டெட்டனஸ் ஊசியில் இருப்பது நச்சுத்தன்மை நீக்கிய நஞ்சு மட்டுமே. கோவிட் காலத்து எம்ஆர்என்ஏ ஊசியில் அதுகூட இல்லை. வைரஸின் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத்தான் செல்லுக்குக் கொடுக்கிறோம்.

உண்மையான மாட்டு உறவு காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியில்தான். மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை ஆய்வகத்தில் மறுபடி மறுபடி வளர்த்துச் சாதுவாக்கினார்கள் கால்மெட், கெரென் என்ற இரு ஆய்வாளர்கள். அதே பிசிஜியை இப்போது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு, குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். ஊசியும் இல்லை, காசநோயும் இல்லை. கிருமியைக் கண்டு திரளும் நோய் எதிர்ப்பு அணுக்கள், கூடவே புற்றுச் செல்களையும் தாக்குகின்றன.