பழைய எண்ணெய் சொல்லும் சேதி

டீசல் காரின் என்ஜினிலிருந்து வடித்தெடுத்த எண்ணெய் மையைப்போலக் கறுத்திருக்கும். பணிமனையில் உள்ளவர் அதில் ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, எண்ணெய் கெட்டுவிட்டது என்றோ, இன்னும் சில நாள் ஓட்டலாம் என்றோ தீர்ப்புக் கூறுவதுண்டு. ஆனால், டீசல் என்ஜினில் ஊற்றிய புதிய எண்ணெயும் விரைவிலேயே கறுத்துவிடும். எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி அதில் கலப்பதே காரணம். அக்கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் மிதக்கவைத்துக் காப்பது எண்ணெயின் கடமைகளுள் ஒன்று. ஆகவே கறுப்பு நிறத்தைக்கொண்டு நாம் அறியக்கூடியது மிகக் குறைவு.

அறியவேண்டியதை ஆய்வுக்கூடம் அறிவிக்கும். 1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் – ரியோ கிராண்ட் ரயில்வேயைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தார், டீசல் ரயில் என்ஜின்களின் பழைய எண்ணெயில் கலந்திருந்த உலோகங்களை அளந்து, என்ஜினைப் பிரிக்காமலே கோளாறுகளைக் கண்டறிந்தனர். இன்று கார் வைத்திருப்பவரும் ஒரு சிறு புட்டி எண்ணெயை அனுப்பி இத்தகைய அறிக்கையைப் பெறலாம். பெறுவது எளிது, படிப்பதுதான் அரிது. தவறாகப் படித்தால் நல்ல என்ஜினைப் பிரித்துப் பொருளை இழப்போம். படியாமல் விட்டால், சிறு செலவில் தீரவேண்டிய குறை என்ஜினையே அழித்துவிடும்.

உலோகங்களை எவ்வாறு அளக்கிறார்கள்? எரியும் அடுப்பில் உப்புத்தூள் சிந்தினால் சுடர் மஞ்சளாவதை நாம் கண்டிருக்கிறோம். உப்பிலுள்ள சோடியம் தரும் ஒளி அது. அவ்வாறே ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய ஒளி உண்டு. எண்ணெயை மிகுந்த வெப்பத்துக்கு உட்படுத்தி, எழும் ஒளியைப் பகுத்து, எந்தத் தனிமம் எவ்வளவு என்று கருவி கணக்கிடுகிறது. அறிக்கையில் காணும் பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோகிராம் எண்ணெயில் ஒரு மில்லிகிராம் உலோகம் இருந்தால் அது 1 பி.பி.எம். ஆகும்.

இனி, எந்த உலோகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இரும்பு, சிலிண்டர் சுவர், கிராங்க் தண்டு, கேம் தண்டு ஆகியவற்றின் தேய்மானத்தைக் காட்டும். அலுமினியம் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்தும், குரோமியம் பிஸ்டன் வளையங்களிலிருந்தும் வரும். ஈயம், வெள்ளீயம், செம்பு ஆகியவை பேரிங்குகளைச் சுட்டும். சிலிக்கன் பெரும்பாலும் வெளியிலிருந்து புகுந்த தூசியின் அடையாளம். சோடியமும் பொட்டாசியமும் ரேடியேட்டரின் கூலன்ட் எண்ணெயில் கசிகிறதோ என்ற ஐயத்தை எழுப்பும். கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவற்றைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அவை எண்ணெயைச் செய்தவர்களே சேர்த்த மருந்துகள்.

எந்த எண்ணையும் தனித்துப் படித்தல் கூடாது என்பதே முதல் விதி. செம்பு மட்டும் உயர்ந்து, ஈயமும் வெள்ளீயமும் அசையாதிருந்தால் பேரிங் தேய்ந்தது என்று முடிவுகட்ட இயலாது. எண்ணெய்க் குளிர்விப்பானின் செம்பு வேதிவினையால் கரைந்து வந்திருக்கலாம்; புதிய என்ஜின்களில் இது காணக்கூடியதே. சிலிக்கனும் புதிய என்ஜினில் இணைப்புப் பசையிலிருந்து வரக்கூடும். கூலன்ட் கசிந்திருப்பினும் அதன் நீர் என்ஜின் வெப்பத்தில் ஆவியாகிவிடலாம். உப்புக்களே எஞ்சி நிற்கும். ஆகவே நீர் இல்லை என்ற ஒரு வரியைக் கண்டு நிம்மதியடைதலும் தவறு. சில எண்ணெய்களில் சோடியம் இயல்பாகவே சேர்ந்திருக்கும். புதிய எண்ணெயையும் ஒருமுறை ஆய்ந்து வைத்துக்கொண்டால் இக்குழப்பம் நேராது.

எங்கள் வீட்டுக் காரின் அறிக்கைகளையே சான்றாகக் காட்டுகிறேன். இருமுறையும் எண்ணெய் 10,000 கிலோமீட்டர் ஓடியது. முதல் முறை இரும்பு 28, அலுமினியம் 4, சிலிக்கன் 12. அடுத்த முறை இரும்பு 52, அலுமினியம் 11, சிலிக்கன் 41. ஈயமும் வெள்ளீயமும் மாறவில்லை. பணிமனையில் என்ஜினைப் பிரிக்கவேண்டும் என்றார்கள். ஆனால் மூன்றும் ஒருங்கே உயர்ந்தது தூசியையே சுட்டியது. மண்ணில் சிலிக்கனும் உண்டு, அலுமினியமும் உண்டு. அத்தூசி சிலிண்டரை அராவியதால் இரும்பு உயர்ந்தது. காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடி ஒருபுறம் சரியாகப் பொருந்தாமல் இருந்தது. அதைப் பொருத்திய பின் வந்த அறிக்கையில் சிலிக்கன் 13, இரும்பு 30. என்ஜின் பிரிக்கப்படவில்லை.

இரண்டாவது விதி, ஓட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடுதல். 5,000 கிலோமீட்டரில் இரும்பு 40; 10,000 கிலோமீட்டரில் 60 என்று கொள்வோம். எண் உயர்ந்திருக்கிறது, எனினும் ஆயிரம் கிலோமீட்டருக்குத் தேய்மானம் 8 இலிருந்து 6 ஆகக் குறைந்திருக்கிறது. இடையில் ஊற்றிய எண்ணெயையும் குறித்துவைக்க வேண்டும்; அது உலோகத்தின் செறிவைக் குறைத்துக் காட்டும். ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக்கொண்டு மாணவனை எடைபோடலாகாது என்பதை வகுப்பறையில் பல ஆண்டுகள் கண்டவன் நான். என்ஜினையும் அதன் முந்தைய அறிக்கைகளோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும்.

அடுத்தது, எண்ணெயின் நலம். '30' என்ற தரமுள்ள எண்ணெயின் பாகுத்தன்மை 100 பாகை செல்சியசில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருத்தல் வேண்டும். அது தாழ்ந்தால் டீசல் கலந்திருக்கலாம். இன்றைய கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியை எரித்துத் தூய்மையாக்கச் சிலிண்டரில் கூடுதல் டீசல் தெளிக்கப்படுவதுண்டு. குறுந்தூரமே ஓடும் காரில் இச்செயல் அடிக்கடி தடைப்பட, டீசல் எண்ணெயில் இறங்குகிறது. டீசல் எண்ணெயை இளக்கும், கரியோ தடிப்பாக்கும். இரண்டும் கலந்தால் பாகுத்தன்மை சரியாக இருப்பதுபோல் தோன்றி நம்மை ஏமாற்றும். எனவே அவ்விரண்டின் அளவையும் தனித்தனியே பார்க்கவேண்டும். அமிலத்தை எதிர்க்கும் ஆற்றலைக் காட்டும் கார எண்ணும் அறிக்கையில் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் 10 பி.பி.எம். கந்தகமே கொண்ட டீசல் வழங்கப்படுவதால், அவ்வெண் முன்போல் விரைந்து வீழ்வதில்லை.

இச்சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஏறக்குறைய 5 முதல் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைக் கருவி சரிவர அளக்காது. ஒரு பாகம் திடீரென உடைந்து பெருந்துண்டாக விழுந்தால் அறிக்கை தூய்மையாகவே இருக்கக்கூடும். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலோ, என்ஜினில் புதிய ஓசை எழுந்தாலோ அறிக்கைக்காகக் காத்திராமல் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

எண்ணெய் எடுக்கும் முறையும் முக்கியம். என்ஜின் சூடாக இருக்கும்போது, முதலில் வழிவதை விட்டு, கடைசியில் சொட்டுவதையும் விட்டு, நடுவில் ஒழுகுவதைத் தூய உலர்ந்த புட்டியில் பிடிக்கவேண்டும். கார் ஓடிய தூரம், எண்ணெய் ஓடிய தூரம், எண்ணெயின் பெயர், இடையில் சேர்த்த அளவு ஆகிய நான்கையும் எழுதி அனுப்புதல் நன்று. ஒவ்வோர் அறிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வைத்தால், நான்காவது அறிக்கை வரும்போது அதைப் படித்துச் சொல்லப் பிறர் உதவி உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.