வியாகுலத்தின் நடுவே ஜெபம்

நோயாளியின் கட்டிலண்டையில் நின்று ஜெபிக்கும் ஆயரிடம் சபையார் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு. ஜெபம் முடிந்தவுடன் நோயாளியின் முகத்தில் அமைதி தோன்றவேண்டும். தோன்றாவிடில் ஆயரின் ஜெபத்திலோ நோயாளியின் விசுவாசத்திலோ குறை உண்டென்று எண்ணுகின்றனர். உண்மையைக் கூறினால், ஆயர்களாகிய நாமும் அவ்வாறே எண்ணுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், கணவனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஓர் அம்மையார், அடக்க ஆராதனை முடிந்த மூன்றாம் நாள், “எங்க ஜெபத்துல என்ன குறை இருந்துச்சு, ஐயா?” என்று நம்மை நோக்கிக் கேட்டார். அவர் கணவருக்காக உபவாச ஜெபம் நடத்தி, சுகம் நிச்சயம் என்று அவ்வீட்டில் அறிவித்தவர்களில் நாமும் ஒருவராயிருந்தோம். அன்று விடையளிக்க இயலவில்லை.

அக்கேள்வியை மனத்திற்கொண்டு லூக்கா 22:39–46 பகுதியை வாசிப்போமாக. மாற்கும் மத்தேயுவும் கெத்செமனே என்று பெயர் குறிக்க, லூக்கா ஒலிவமலை என்று மட்டும் கூறி, இயேசு அங்குச் செல்வது அவருடைய வழக்கம் என்பதையும் சேர்த்துரைக்கிறார். நெருக்கடி வந்தபின் தேடிக் கண்ட இடமன்று அது. அவர் முழங்காற்படியிட்டு, பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று வேண்டுகிறார். தேவதூதன் தோன்றிப் பலப்படுத்துவதும், இரத்தத் துளிகள்போன்ற வேர்வையும் அதன்பின் வரும் 43, 44ஆம் வசனங்களில் உள்ளன.

இவ்விரு வசனங்களும் வத்திக்கான் பிரதி உள்ளிட்ட சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதை மாணவர் அறிவர். லூக்காவே இவற்றை எழுதினாரா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆயினும் இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தீனும் ஐரேனியுவும் அவ்வேர்வையைக் குறிப்பிடுகின்றனர். திருச்சபை மிகப் பழங்காலமுதல் இச்செய்தியைத் தன் ஆண்டவரைப்பற்றிய செய்தியாக ஏற்றுக்கொண்டது.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசையாகும். நம்மிடம் எழுதச் சொல்லியிருந்தால், முதலில் வியாகுலம், பின்பு தூதன், முடிவில் அமைதி என்று எழுதியிருப்போம்; நம் பிரசங்கங்கள் பலவும் அவ்வாறுதான் செல்கின்றன. வசனமோ, தூதன் வந்து பலப்படுத்தியதை முதலில் கூறி, அதன்பின்னரே இயேசு கடும் வியாகுலத்திற்குள்ளாகி இன்னும் ஊக்கமாய் ஜெபித்தார் என்கிறது. பலம் வந்தபின் போராட்டம் தணியவில்லை, மிகுந்தது. ‘வியாகுலம்’ என்பதற்குரிய கிரேக்கச் சொல் ‘அகோனியா’. புதிய ஏற்பாட்டில் இவ்வோரிடத்தில் மட்டுமே வரும் இச்சொல், விளையாட்டுக் களத்துப் போட்டியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. பலப்படுத்துதலைக் குறிக்கும் வினைச்சொல்லோ அப்போஸ்தலர் 9:19இலும் வருகிறது. அங்கே மூன்று நாள் உண்ணாதிருந்த சவுல் உணவு கொண்டு பலப்படுகிறார். உண்டவன் உறங்குவதற்கும் உண்ணலாம், நடப்பதற்கும் உண்ணலாம். சாகும்படி விரும்பி வனாந்தரத்தில் படுத்திருந்த எலியாவுக்குத் தூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தது, நாற்பது நாள் நடப்பதற்காகவே (1 இராஜாக்கள் 19).

பாத்திரம் நீங்கவில்லை. பவுலின் முள்ளும், மூன்று முறை வேண்டிய பின்னரும் நீங்கவில்லை. எனினும் எபிரெயர் 5:7, கண்ணீரோடு வேண்டிய கிறிஸ்து கேட்கப்பட்டார் என்றே துணிந்து கூறுகிறது. கேட்கப்படுதல் என்பதை நாம் கேட்டது கிடைத்தல் என்று மட்டும் பொருள் கொண்டால், இவ்வசனத்திற்கு விளக்கமே கூற இயலாது.

இதனால் சுகத்திற்காக ஜெபிப்பதை விட்டுவிடவேண்டும் என்று எவரும் கொள்ளற்க. இயேசுவே பாத்திரம் நீங்கும்படி முதலில் கேட்டார். கேளாமலே ‘சித்தம் ஆகட்டும்’ என்பது சில வேளைகளில் நம் சோர்வுக்கு நாம் இடும் பக்திப் பெயர். நாம் கண்டிப்பது, ஜெபித்தபின்னும் அழுகிறவரை அவிசுவாசி என்று தீர்ப்பதையே. சீஷர்கள் உறங்கியதற்குத் துக்கமே காரணம் என்று லூக்கா ஒருவர் மட்டும் எழுதுகிறார். துக்கத்தால் ஜெபிக்கவும் இயலாமற்போகும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

அத்தகையோருக்குச் சொற்களைக் கொடுப்பது ஆயரின் கடமை. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. அவற்றுள் பெரும்பாலானவை நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பி முடிகின்றன; 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் அவ்வாறு திரும்பிவிடுகிறது. ஏமான் பெயரால் வழங்கும் 88ஆம் சங்கீதமோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதிலே துதி இல்லை. ஆயினும் அதன் முதற்சொல் கர்த்தரை அழைப்பதாகும். இதனைத் திருமறையினின்று எவரும் நீக்கிவிடவில்லை. நாம்தான் நோயாளிகளின் வீடுகளில் வாசிப்பதில்லை.

அவ்வம்மையாரின் வீட்டிற்குச் சில மாதங்கள் கழித்து மீண்டும் சென்றபோது, ஆறுதல் ஒன்றும் கூறாமல் அச்சங்கீதத்தை மெதுவாக வாசித்தோம். முடித்து வேதாகமத்தை மூடப்போகையில், “இன்னொரு தடவை வாசிங்க, ஐயா” என்றார். வாசித்தோம். இரண்டாம் முறை அவரும் உடன்சேர்ந்து சொன்னார்.