என்கோடர் வாங்குமுன் கவனிக்க வேண்டுவன

பாவு ஓட்டும் யந்திரத்தில் நூலின் நீளத்தை அளந்து சொல்வது என்கோடர் என்னும் சிறு கருவியாகும். அளவுருளையின் அச்சில் பொருத்தப்படும் இக்கருவி, உருளை எவ்வளவு சுற்றியது என்பதை மின்குறிகளாக மாற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகிறது. அளவு தவறினால் ஒரு பீமில் நூல் கூடும், மற்றொன்றில் குறையும். பல பீம்களை ஒன்றுசேர்த்துக் கஞ்சி போடும்போது, குறைந்த பீம் முதலில் தீர்ந்துவிட, ஏனையவற்றில் எஞ்சிய நூல் கழிவாகிறது. அக்கழிவு அங்கத்தினர் அனைவருக்கும் உரிய பொருள். ஆதலின் இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

என்கோடர் இருவகைப்படும். முதல்வகை, உருளை நகர நகரத் துடிப்புகளை அனுப்பும். எண்ணிக்கொள்வது கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. மின்சாரம் நின்ற பின்னும் உருளை சற்று ஓடியே நிற்குமாதலால், அந்தச் சுற்றுகளை எண்ணுவார் இலர். இரண்டாம் வகை, தான் நிற்கும் இடத்தை எப்போதும் அறிந்திருக்கும். இதிலும் ஒரு சுற்றுக்குள் மட்டும் இடம் காட்டுவது உண்டு. சுற்றுகளையும் சேர்த்து நினைவில் வைப்பது உண்டு. பாவு நீளத்திற்குப் பின்னதே ஏற்றது. அந்நினைவைச் சிலவற்றில் பல்சக்கரங்களும், சிலவற்றில் மின்கலமும் காக்கின்றன. மின்கலமாயின் அதைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

அடுத்து நுட்பம். அளவுருளையின் சுற்றளவு 1 மீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றை 4096 பகுதிகளாகப் பிரிக்கும் 12 பிட் கருவி, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் வரை பிரித்துக் காட்டும். 65,536 பகுதிகளாகப் பிரிக்கும் 16 பிட் கருவிக்கு அதிக விலை கொடுப்பதால் நமக்குப் பயனில்லை. நூலின் இழுபாடே அதனினும் பெரிது. ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். 4096 சுற்றுகளே எண்ணும் கருவி, 5000 மீட்டர் பாவில் இடையே மீண்டும் சுழியத்திற்குத் திரும்பிவிடும்.

மூன்றாவதாக, வலைத்தொடர்பு. கான்ஓப்பன், புரொஃபிநெட், ஈதர்கேட் எனப் பல தொடர்பு முறைகள் உள்ளன. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காது. எனவே கட்டுப்பாட்டுப் பெட்டி எம்முறையில் பேசுகிறதோ அம்முறையிலேயே என்கோடரும் அமைய வேண்டும்; அதற்குரிய விவரக் கோப்பையும் விற்பவரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். தூரத்தையும் கணக்கிடுக. கான்ஓப்பன், விநாடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் சுமார் 25 மீட்டர் வரையும், 1,25,000 பிட் வேகத்தில் சுமார் 500 மீட்டர் வரையும் செல்லும். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருத்தல் வேண்டும். புரொஃபிநெட் செப்புக் கம்பியில் ஒரு கருவிக்கும் அடுத்த கருவிக்கும் இடையே 100 மீட்டருக்கு மேற்படலாகாது.

நான்காவது, இடத்தின் தன்மை. கண்ணாடித் தகட்டின் ஊடாக ஒளி செலுத்தி அளக்கும் கருவி மிகத் துல்லியமானது. ஆயின் அதிர்ச்சியையும் ஈரத்தையும் அவ்வளவாகத் தாங்காது. பஞ்சுத் தூசும் கஞ்சி நீராவியும் உள்ள இடத்திற்குக் காந்த வகையே உகந்தது. ஐ.பி. 65 என்ற குறியில் 6 என்பது தூசு புகாமையையும், 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும். அச்சுகளை விறைப்பாகப் பிணைக்காமல், சிறிது வளைந்துகொடுக்கும் இணைப்பால் பிணைத்தால் கருவியின் தாங்கிகள் நெடுநாள் உழைக்கும்.

பணம் செலுத்துமுன் ஒரு சோதனை செய்துவிடுதல் நலம். உருளையில் சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கையினால் முன்னோக்கிப் 10 முறை சுற்றுக. மீண்டும் மின்சாரம் கொடுத்தவுடன் முன்னைய கணக்கோடு 10 மீட்டர் கூடியிருக்குமாயின், கருவியை ஏற்றுக்கொள்ளலாம். கூடவில்லையாயின், விலை எவ்வளவு குறைவாயினும் அக்கருவி நமது பாவுக்கு உதவாது.