உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி மாட்டிக்கொண்டு காரில் போன நாய்!

அமெரிக்காவை முதன்முதலில் காரிலேயே குறுக்காகக் கடந்த பயணத்தில் ஒரு நாயும் போனது. அதன் பெயர் பட். 1903-இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர் 50 டாலர் பந்தயம் கட்டி, மெக்கானிக் க்ராக்கரைக் கூட்டிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். வழியில், ஐடஹோ மாநிலத்தில்தான் பட்டை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டார்.

அவர்கள் போன விண்டன் காரில் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. புழுதியால் பட்டின் கண்கள் சிவந்துவிட, மனிதர்கள் போடும் அதே தூசிக் கண்ணாடியை அதற்கும் மாட்டிவிட்டார்கள். அப்புறம் பார்க்கவேண்டுமே! பாதையையே உற்றுப் பார்த்தபடி வரும். பள்ளம் வருகிறதென்று தெரிந்தால், வண்டி குலுங்கும் முன்பே காலை ஊன்றிக்கொள்ளும். 63 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கண்ணாடி இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இன்றைய நாய்களும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டத் துடிக்கின்றனவே, ஏன்? காற்றுக்காக மட்டுமல்ல, வாசனைக்காக. நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மோப்பம் கொண்ட மூக்குக்கு ஒவ்வொரு தெருமுனையும் புதுச் செய்தி. ஆனால் பட்டுக்கு வந்த கண் உறுத்தல் இவற்றுக்கும் வரும். ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிவைத்தாலே வாசனை உள்ளே வந்துவிடும்.

நாய்க்குட்டி காரில் வாந்தி எடுக்கிறதா? உடம்பின் சமநிலையைக் காக்கும் உள்காது இன்னும் முழுதாக வளராததும் அதற்கு ஒரு காரணம். பல குட்டிகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும்.