'வருத்தம்' என்றார் அந்த அம்மா... தப்பாகப் புரிந்துகொண்டது நான்!

திருக்கழுக்குன்றத்தில் நான் சித்த வைத்தியசாலை ஆரம்பித்த புதிது. 1998-ம் வருஷம். ஒரு நாள் சாயங்காலம், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். பெஞ்சின் ஓரத்தில், எழுந்து ஓடிவிடத் தயாராக இருப்பவர் மாதிரி உட்கார்ந்தார்.

"என்னம்மா செய்யுது?"

"வருத்தம் ஐயா. கன நாளா வருத்தம். எங்கட அம்மாவுக்கு இருந்த அதே வருத்தம்தான் எனக்கும் வந்திட்டுதோ எண்டு பயமாக் கிடக்கு. ராத்திரியில நித்திரை இல்லை. ஒரே களைப்பு."

பேச்சைக் கேட்டதுமே இலங்கைக்காரர் என்று தெரிந்துவிட்டது. மன்னார் பக்கம் ஊராம். மாமல்லபுரத்து லாட்ஜ்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை கணவருக்கு. 'பாவம், ஊரை விட்டு வந்தவங்க, வருத்தம் இல்லாமல் இருக்குமா?' என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். நாடி பார்த்தேன். "வருத்தப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

தூக்கத்துக்கும் உடல் தேறவும் அமுக்கரா சூரணம் கொடுத்தேன். ராத்திரி படுக்கும் முன் பாலில் கலந்து, பனங்கற்கண்டு தாராளமாகப் போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

ஆறு வாரம் ஓடிப்போனது. நடுவில் ஒரு தடவை வந்தபோதும் அதே மருந்துதான். மூன்றாம் தடவை கணவர் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வலது கால் சுண்டுவிரலில் புண். சீழ் பிடித்து, பாதம் வரை வீங்கியிருந்தது. செருப்பு கடித்த புண்ணாம், வலியே தெரியவில்லையாம். எனக்குச் சொரேர் என்றது. உடனே சிறுநீரை வாங்கி, பெனடிக்ட் கரைசலில் விட்டுச் சூடாக்கினேன். நீல நிறம் செங்கல் நிறமாக மாறிவிட்டது. சர்க்கரை!

"ஏம்மா, உங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

பதில் சொன்னது அவர் அல்ல. கூட வந்திருந்த அவருடைய பன்னிரண்டு வயது மகள். இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண்.

"அம்மா முதல் நாளே சொன்னாங்களாமே டாக்டர். எங்க ஊர்ல 'வருத்தம்'னா நோய். 'சீனி வருத்தம்'னா சர்க்கரை நோய்."

நான் வாயடைத்துப் போனேன். நோய் என்று அந்த அம்மா சொன்னதை, மனசு கஷ்டம் என்று எடுத்துக்கொண்டு, சர்க்கரை நோயாளிக்குத் தினமும் பனங்கற்கண்டுப் பால் கொடுத்திருக்கிறேன்!

அன்றைக்கே செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். இன்சுலின் போட்டுக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால், சுண்டுவிரல் போய்விட்டது.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்துத்தான் நோயை முடிவு செய்ய வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் இதை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். எட்டில் 'மொழி'யும் ஒன்று என்பதை ஒரு விரலைப் பலி கொடுத்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

மருந்துக்கு மசியாத சர்க்கரை

கதை இதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரை, என்னுடைய ஆவாரைக் குடிநீர், சாப்பாட்டில் கட்டுப்பாடு எல்லாம் இருந்தும் சர்க்கரை இறங்குவேனா என்றது. இந்த முறை நான் அவசரப்படவில்லை. கடைசி நோயாளியும் போன பிறகு அவரை வரச்சொல்லி, "நீங்க பேசுங்கம்மா, நான் கேட்கிறேன்" என்றேன்.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டதும் மன்னார்க் கரையிலிருந்து சனங்கள் படகேறினார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். இவர்கள் போட்டிருந்த நகையைக் கொடுத்துப் படகில் இடம் பிடித்தார்கள். நான்கு வயது மகள் இடுப்பில், மகன் வயிற்றில். நடுராத்திரியில் படகுக்காரர் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, "இதுதான் இந்தியா" என்று சொல்லிப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர்! குடிக்க ஒரு சொட்டு இல்லை. உச்சி வெயிலில்தான் நம் பக்கத்து மீனவர்கள் கண்டு ஏற்றி வந்தார்கள்.

பிறகு மண்டபம் முகாம். இந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம் ஊர் ஏழைகளைத் தங்கவைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய முகாம் அது. அங்கே போகிறவர்களுக்காகக் கட்டியது, அங்கிருந்து உயிர் தப்பி வருகிறவர்களுக்கு வாசலாகிவிட்டது.

மண்டபத்திலிருந்து வேறொரு முகாம். பத்துக்குப் பத்து அறை. நடுவில் சேலையைத் திரையாகக் கட்டி இரண்டு குடும்பம். மகன் அங்கேதான் பிறந்தான். அப்புறம் ஒரு சொந்தக்காரர் துணையில், காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, எங்கள் பக்கத்தில் வாடகைக்கு வந்தார்கள்.

"அம்மா வரேல்லை ஐயா. 'இந்தக் காலோட நான் எங்க படகேற? நீ பிள்ளையளைக் கொண்டு போ' எண்டு சொல்லிப்போட்டா. அவவுக்கும் கால்ல புண். எட்டு மாசம் கழிச்சுத்தான் கடிதம் வந்தது, செத்துப்போனா எண்டு. காரியம் செய்யக்கூட நான் இல்லை."

இதைச் சொல்லும்போதும் அவர் அழவில்லை. "ராத்திரியில வாசல்ல மோட்டார் சைக்கிள் நிண்டா எழும்பி உக்காந்திடுவன். பிறகு நித்திரை வராது" என்றார்.

அவருக்கு இரண்டு வருத்தமும் இருந்தன. முதலில் நோயைத் தவறவிட்டேன். நோயைப் பிடித்த பிறகு, துக்கத்தைத் தவறவிட்டேன்.

துக்கத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பயம், கவலை, தூக்கமின்மை நீடித்தால் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. ஆபத்து வந்துவிட்டது, ஓடத் தெம்பு வேண்டும் என்று நினைத்து, கல்லீரல் தான் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. இன்சுலினும் சரியாக வேலை செய்ய முடிவதில்லை. ஆபத்து ஒரு நாளில் தீர்ந்தால் பரவாயில்லை. எட்டு வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்தால்?

குரக்கனும் கவலை மீனும்

முதல் வேலையாக, அவருடைய தாயாருக்கு ஒரு காரியம் செய்யச் சொன்னேன். அமாவாசையன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், மன்னார் இருக்கும் தெற்குத் திசை பார்த்து நின்று கும்பிட்டு வந்தார்கள். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதாராம். மகள் வந்து சொன்னாள்.

அடுத்தது சாப்பாடு. மூன்று வேளையும் அரிசிச் சோறுதான் ஓடிக்கொண்டிருந்தது. "கேழ்வரகு சேர்த்துக்குங்க" என்றால் விழித்தார். மாவைக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. "குரக்கன் மா! இது இங்க கிடைக்குமோ?" ஊரில் சாப்பிட்ட குரக்கன் புட்டு எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவிந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன். கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறவே ஏறாது என்று சிலர் குண்டான் குண்டானாகக் கூழ் குடிக்கிறார்கள். தப்பு! கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் அதிகம். கூழாகக் கரைத்தால் சீக்கிரம் ஜீரணமாகிச் சர்க்கரையை ஏற்றும். புட்டாகவோ அடையாகவோ, அளவாக, காய்கறியோடும் பருப்பு அல்லது மீனோடும் சாப்பிட வேண்டும்.

மீன் பேச்சு வந்தபோது ஒரு வேடிக்கை. "விலை மலிவு, உடம்புக்கும் நல்லது, கவலை வாங்கிச் சாப்பிடுங்க" என்றேன். "ஐயா, கவலையை வாங்க வேற வேணுமோ? வீட்டிலேயே நிறையக் கிடக்கே!" என்றார். எங்கள் கரையில் 'கவலை' என்பது மத்தி வகை மீன் என்று விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவதுதான் பெரிய மருந்து, வேலை! அவர் கைப்பக்குவத்தைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் இடியப்பமும் சம்பலும் கேட்க ஆரம்பித்தார்கள். காலையில் ஐம்பது இடியப்பம் என்று தொடங்கியது இருநூறு ஆனது. விடியற்காலை நாலு மணிக்கு எழ வேண்டியிருந்ததால், ராத்திரி ஒன்பது மணிக்கே தூக்கம் கண்ணைச் சுற்றியது. ஆறே மாதத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. மாத்திரை, குடிநீர், சாப்பாடு, உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. என் மருந்து மட்டும் குணமாக்கியது என்று நான் சொல்லமாட்டேன்.

அலை வந்த அன்று

2004 டிசம்பர் 26. சுனாமி எங்கள் கரையையும் விடவில்லை. கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக உள்ளூருக்கு ஓடிவந்தார்கள். கல்யாண மண்டபத்தில் நாங்கள் மருத்துவ முகாம் போட்டிருந்தோம். இந்த அம்மா பெரிய அண்டாவில் கஞ்சியோடு வந்து சேர்ந்தார். கஞ்சியை ஊற்றிவிட்டுப் போய்விடவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்தார். "ஆரைத் தேடுறீங்கள்? கால்ல புண் இருக்கோ? மாத்திரை ஏதும் வழமையாப் போடுறனீங்களோ?" என்று கேட்டார். மருந்துச்சீட்டைக் கடலில் விட்டுவிட்டு வந்த நாலு சர்க்கரை நோயாளிகளை அவர்தான் கண்டுபிடித்து என்னிடம் அனுப்பினார். டாக்டர்கள் நாங்கள் கேட்க மறந்த கேள்விகள் அவை!

இன்னும் தீராத ஒன்று

அன்று எனக்கு மொழிபெயர்த்த சிறுமி இப்போது தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மூத்த நர்ஸ். இவ்வளவு படித்தும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை, குடியுரிமை கேட்கிறார்கள். இங்கேயே பிறந்த தம்பிக்கும் அதே நிலைதான்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டப்பேரவையில் சொன்ன கணக்குப்படி, 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், வெளியே பதிவு செய்துகொண்டு 34,087 பேரும் இருந்தார்கள். அந்த ஆண்டு முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நல்ல விஷயம். ஆனால், 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. இலங்கை அதில் இல்லை.

'இதற்கும் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்காதீர்கள். நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதவருக்கு இன்றைக்குத் தூக்கம் வராது. தூக்கம் வராதவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சுலபத்தில் அடங்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில், மாடி போர்ஷனில், வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட குடும்பம் இருக்கலாம். அவர்களுக்கு உதவ நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

* அவர்கள் சொல்லும் வார்த்தைக்கு நீங்களாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். 'வருத்தம்' என்றால் நோய். 'தொய்வு' என்றால் ஆஸ்துமா. 'மாறிவிட்டது' என்றால் குணமாகிவிட்டது. புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள்.

* களைப்பு, அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் இருந்தால் 'கவலையால்தான்' என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வெறும் வயிற்றில் 126, அல்லது எச்பிஏ1சி 6.5 சதவிகிதம், அதற்கு மேல் போனால் சர்க்கரை நோய் என்று அர்த்தம். டாக்டர் மறு பரிசோதனை செய்து உறுதி செய்வார்.

* சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். வலி இல்லாத புண்தான் ஆபத்தானது.

* சித்த மருந்து சாப்பிடுகிறோம் என்று இன்சுலினையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு டாக்டரிடமும் இரண்டையும் சொல்லுங்கள். பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே சர்க்கரைதான்!

* 'எப்போ ஊருக்குத் திரும்பிப் போறீங்க?' என்று கேட்காதீர்கள். 'சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?' என்று கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. இன்னமும் மாதம் ஒரு முறை வருகிறார். பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறார். நாடியைப் பிடிக்கும் முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா, என்ன வருத்தம்?" என்பதுதான்.

"எந்த வருத்தத்தைக் கேக்கிறீங்கள் ஐயா?" என்று சிரிப்பார்.

"ரெண்டையும்தான்" என்பேன்.