கண்ணாடித் தொட்டியில் ஒரு பசுந்தோட்டம்



மும்பை, பெங்களூரு போன்ற மாநகரங்களில் சிறு வீடுகளில் வாழும் நமக்கு முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. ஆகவே பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகப் பலர் மீன்தொட்டி வாங்கி வைக்கின்றனர். எங்கள் இல்லத்திலும் ஒன்று வைத்தோம். ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் நாளன்று அவசரமாகச் செடிகளைக் கத்தரித்தேன். வெட்டுண்ட இலைகளை எடுக்காமலே விளக்கை அணைத்துவிட்டுப் புறப்பட்டோம். பத்து நாள் கழித்துத் திரும்பியபோது நீர் நாற்றமெடுத்திருந்தது. ஒரு மீனும் உயிரோடில்லை. அழுகும் இலைகளிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு என்பதைப் பின்னரே அறிந்தேன். “நீங்கள்தானே அப்பா வெட்டினீர்கள்?” என்று மகள் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை.

எவற்றைத் தேர்ந்தெடுப்பது?

2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் நீர் கொள்ளும். அதற்கு மூன்று வகைச் செடிகள் போதும்.

1. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன்: குறைந்த ஒளியிலும் மெதுவாக வளர்பவை. இவற்றின் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டுங்கள்.

2. வாலிஸ்னேரியா: நாடா போன்ற நீண்ட இலைகளுடையது, பின்புறத்திற்கு ஏற்றது.

3. கிரிப்டோகோரைன்: இடம் மாற்றி நட்டதும் இதன் இலைகள் கரைந்துபோகக்கூடும். பிடுங்கி எறியாதீர்கள்; வேர் நலமாயிருந்தால் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும்.

நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர ஒளி போதும். மிகுந்தால் பாசி படரும்.

எவ்வாறு கத்தரிப்பது?

நெடிய தண்டுச் செடிகளைக் கணுவிற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அக்கணுவிலிருந்து புதுக்கிளை பிறக்கும். வெட்டிய நுனியின் அடியிலைகளை நீக்கி மறுபடியும் நடலாம். மற்றச் செடிகளில் மஞ்சளித்த இலையை அடியோடு நறுக்குங்கள். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவேண்டாம். மிதக்கும் துண்டுகள் அனைத்தையும் சிறு வலையால் அள்ளிவிட்டு, நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள். ஊருக்குப் புறப்படும் நாளில் கத்தரிக்கவே வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

கழித்தவற்றை எங்கே போடுவது?

ஏரியிலோ கால்வாயிலோ எறியாதீர்கள். மீன்தொட்டி வணிகத்தின் வழியாக 1950களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சென்ற ஹைட்ரில்லா, அங்குள்ள நீர்நிலைகளை அடைத்துக்கொண்டு இன்றும் பெருந்தொல்லையாயிருக்கிறது. ஒரு சிறு துண்டே புதுச்செடியாகிவிடும். வெயிலில் நன்கு உலர்த்திப் பூந்தொட்டிக்கு உரமாக இடுங்கள்.

இப்பொழுது எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் என் கையில். வலை மகளின் கையில். கடைசித் துண்டையும் அவள் எடுத்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்க அனுமதி இல்லை.