பையன் கிடைத்த பிறகும் படம் ஏன் ஓடுகிறது?

அகிரா குரோசாவா 1963இல் எடுத்த 'ஹை அண்ட் லோ' என்ற ஜப்பானியப் படத்தை நம் சேலம் பக்கத்து ஆட்களிடம் போட்டுக் காட்டினால், முடிந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது. "பையன்தான் கிடைச்சுட்டானேங்ணா, அப்புறம் எதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கறாங்க?" வேறு குறைகளும் உண்டு. முதல் பாதி முழுக்க ஒரே ஹாலுக்குள் நடக்கிறது என்பார்கள். கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதா, படத்தைப் பார்ப்பதா என்பார்கள். எழுத்து பத்து நிமிடத்தில் பழகிவிடும், அதை விட்டுவிடலாம். முதல் கேள்வி அப்படியில்லை. ஆளைக் கடத்திப் பணம் கேட்கும் கதைகளைப் பற்றி நம் எல்லாருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கதை. யோகோஹாமா நகரத்தில் மேட்டின் மீது பெரிய வீடு. அதில் இருப்பவர் கோண்டோ, செருப்புக் கம்பெனி ஒன்றின் நிர்வாகி. சின்ன வயதில் தொழிலாளியாகச் சேர்ந்து மேலே வந்தவர். கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவரப் பங்குகளை ரகசியமாக வாங்குகிறார். அதற்காக வீடு உட்பட எல்லாவற்றையும் அடமானம் வைத்து 5 கோடி யென் திரட்டியிருக்கிறார். அந்த இரவில் போன் வருகிறது: உன் மகன் என்னிடம் இருக்கிறான், 3 கோடி யென் கொடு. கொடுத்துவிடுகிறேன் என்கிறார் கோண்டோ, ஒரு நொடி கூடத் தயங்காமல். அப்போது அவருடைய மகன் உள்ளே ஓடி வருகிறான். கடத்தப்பட்டது அவனோடு விளையாடிக்கொண்டிருந்த டிரைவரின் மகன். ஆள் மாறிப்போயிற்று. போனில் இருப்பவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. யார் பிள்ளையாக இருந்தால் என்ன, பணத்தை நீதான் தர வேண்டும் என்கிறான்.

இந்த இடத்தில் நிறுத்தி, பணயம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அடகுக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியை வைத்துப் பணம் வாங்கியிருக்கிறோம். கடைக்காரருக்கு அது இத்தனை பவுன், அவ்வளவுதான். நமக்கு அது அம்மா. அந்த வித்தியாசம் இருப்பதால்தான் வட்டியோடு கட்டி மீட்கிறோம். கடத்துகிறவனும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிழைக்கிறான். பிள்ளையை வைத்து அவனுக்கு ஒரு உபயோகமும் இல்லை. வேறொருவர் அந்தப் பிள்ளை மீது வைத்திருக்கும் பாசத்துக்குத்தான் அவன் விலை போடுகிறான். அப்படியென்றால் குரோசாவா செய்திருப்பதைக் கவனியுங்கள். இது பக்கத்து வீட்டுக்காரர் நகை, ஆனால் நீதான் மீட்க வேண்டும் என்று கோண்டோவிடம் சொல்லப்படுகிறது. மீட்டால் மறுநாளே அவர் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்.

அடுத்தவர் பிள்ளைக்காக நடுத்தெருவுக்கு வரலாமா என்ற இந்தக் கேள்வி நம் சீமையில் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக உறைக்கும் என்று நான் நம்புகிறேன். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஓனர்களில் பலர் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, பைனான்ஸில் முதல் வண்டி எடுத்தவர்கள். ஓனர் வீட்டுப் பிள்ளையும் டிரைவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பட்டறை வாசலில் விளையாடி வளர்வது இங்கே புதிதில்லை. படத்தில் வரும் டிரைவர் ஆவோகி, முதலாளியின் காலில் விழுந்து கெஞ்சுவதும், பிறகு குற்ற உணர்ச்சி தாங்காமல் 'வேண்டாம் ஐயா' என்று பின்வாங்குவதும் எந்த மொழியில் இருந்தாலும் நமக்குப் புரியும். முதல் பாதி ஒரே ஹாலுக்குள் நடப்பதற்குக் காரணமும் இதுதான். கோண்டோ, மனைவி, டிரைவர், உதவியாளர், போலீஸ்காரர்கள் என எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் அந்த அறைக்குள் நிற்கிறார்கள். அறையை விட்டு வெளியே போனால் அந்த அழுத்தம் போய்விடும்.

இப்போது அந்தத் தவறான எண்ணத்துக்கு வருவோம். கடத்தல் கதை என்றால் பிள்ளை கிடைப்பானா மாட்டானா என்பதுதான் கதை என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால் அவன் கிடைத்ததும் மனதுக்குள் வணக்கம் போட்டுவிடுகிறோம். ஆனால் இந்தக் குற்றத்தின் அமைப்பு மற்ற குற்றங்களைப் போல் இல்லை. வீடு புகுந்து திருடுகிறவன் நம்மோடு ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. எடுத்தான், போனான், முடிந்தது. பணயம் கேட்கிறவன் பேசியே ஆக வேண்டும். பிள்ளை என்னிடம் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும், உயிரோடு இருக்கிறான் என்று காட்ட வேண்டும், எங்கே எப்படிக் கொடுப்பது என்று விவரிக்க வேண்டும், கடைசியில் பணத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தடயத்தை விட்டுத்தான் போவான். தூக்கிக்கொண்டு போவது எளிது. பணத்தை வாங்கிக்கொண்டு தப்புவதுதான் கடினம். பிள்ளை அவன் கையில் இருக்கும்வரை போலீஸ் அந்தத் தடயங்களின் பின்னால் வெளிப்படையாகப் போக முடியாது, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளை வீடு வந்த நிமிடத்தில்தான் அவர்கள் கை அவிழ்கிறது. அதாவது, படம் முடிந்தது என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் போலீஸுக்கு வேலை தொடங்குகிறது.

கோண்டோ பணம் தரச் சம்மதித்த பிறகு வரும், பணம் கைமாறும் காட்சியில் இதெல்லாம் ஒருசேர வந்து நிற்கும். 7 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத இரண்டு பைகளில் பணத்தை வைத்து, கொடாமா எக்ஸ்பிரஸில் ஏறு என்கிறான் கடத்தியவன். ரயிலுக்குள் போன் வருகிறது: ஆற்றுப் பாலம் வரும், கரையில் பையனைப் பார்ப்பாய், பாலம் கடந்ததும் கழிவறை ஜன்னல் வழியாகப் பைகளை எறி. அந்த ரயிலில் வேறு எந்த ஜன்னலும் திறக்காது. அது மட்டும் அந்த 7 சென்டிமீட்டர் திறக்கும். போலீஸ் ரயிலுக்குள் இருக்கிறது, குற்றவாளி தரையில் இருக்கிறான், நடுவே வண்டி பறந்துகொண்டிருக்கிறது. குரோசாவா இதை நிஜ ரயிலில், பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார். சில நிமிடங்கள்தான். இதற்கு முன்னால் வரும் ஒரு சின்ன விஷயத்தையும் தவற விடாதீர்கள். பைகளைப் பின்னால் தேடிப் பிடிக்க உதவும் ஒரு மருந்தைப் போலீஸ் அவற்றுக்குள் மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது கோண்டோதான். தொழிலாளியாக இருந்தபோது வைத்திருந்த பழைய தோல் கருவிகளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறார். அந்த மனிதர் யார் என்று அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

பிறகு வேட்டை. போலீஸ்காரர்கள் ஒரு கூட்டம் போட்டு, இருவர் இருவராக எழுந்து தாங்கள் தேடியதைச் சொல்கிறார்கள். இழுக்கிறது என்று நம் ஆட்கள் சலித்துக்கொள்வது இங்கேதான். ஆனால் அவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். பதிவு செய்த போன் பேச்சின் பின்னணியில் ஒரு வண்டிச் சத்தம் இருக்கிறது. அதை ஒரு ரயில்வே ஊழியரிடம் போட்டுக் காட்டினால், இது இந்தத் தடத்தில் ஓடும் டிராம் வண்டி என்று காதை வைத்தே சொல்லிவிடுகிறார். மீண்டு வந்த பையன் கடலும் சூரியனும் ஃபூஜி மலையும் வரைகிறான், அவனை அடைத்து வைத்த இடம் அந்தக் காட்சி தெரியும் இடம் என்று ஆகிறது. காரில் ஒட்டியிருந்த அழுக்கு மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோகிறது. தன்னை மறைத்துக்கொண்டதாக நினைத்தவன் எத்தனை இடத்தில் தன்னைச் சொல்லிவிட்டான் என்பது ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது.

வில்லன் முகத்தைப் பாதியிலேயே காட்டிவிட்டார்கள், சஸ்பென்ஸ் போய்விட்டது என்பதும் நான் கேட்கும் குறைதான். யார் என்ற கேள்வியை குரோசாவா வேண்டுமென்றேதான் கீழே போடுகிறார். அதற்குப் பதில் வேறொரு கேள்வியை எடுக்கிறார். மேட்டின் மீது குளிர்ச்சியான வீடு. கீழே கோடை வெக்கையில் புழுங்கும் ஒற்றை அறை. அந்த அறையின் ஜன்னலில் இருந்து தினமும் அந்த வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு என்ன ஆயிற்று? படத்தின் கடைசிக் காட்சி அதைப் பற்றியது. அதை நான் சொல்லப்போவதில்லை.

இதெல்லாம் சினிமாக் கணக்கு என்று தோன்றினால், அதே ஆண்டில் நடந்த உண்மைச் சம்பவத்தைப் பார்க்கலாம். படம் வெளிவந்த சில வாரங்களில், 1963 மார்ச் கடைசி நாளில், டோக்கியோவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டான். 5 லட்சம் யென் கேட்டார்கள், குடும்பம் கொடுத்தது. போலீஸ் வந்து சேருமுன் பணத்தை எடுத்துக்கொண்டு குற்றவாளி ஓடிவிட்டான். நோட்டு எண்களை யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. சிறுவன் முன்பே கொல்லப்பட்டிருந்தான். மிச்சம் இருந்தது போனில் பதிவான குரல் மட்டும்தான். அதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாடு முழுக்க ஒலிபரப்பினார்கள். 1965இல் அவன் பிடிபட்டான். பணயத்துக்காக ஆளைக் கடத்துவதைத் தனிக் குற்றமாக்கி, கடுமையான தண்டனையோடு 1964இல் ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தியது. கடத்தலுக்கான தண்டனை போதாது என்ற கோபம் குரோசாவாவுக்கு இந்தப் படத்தை எடுக்கும்போதே இருந்தது.

நம் பக்கமும் இதை அறியாதது இல்லை. மேட்டூர், கொளத்தூர்க்காரர்களுக்கு 2000ஆம் ஆண்டை நினைவுபடுத்தத் தேவையில்லை. ஜூலை 30 இரவு தாளவாடி அருகே காஜனூரில் இருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கொண்டுபோனான். 108 நாள் கழித்து, நவம்பர் 15 அன்று அவர் விடுவிக்கப்பட்டார். இடையில் காட்டில் இருந்து கேசட்டுகள் வந்தன, தூதராக நக்கீரன் கோபால் போய் வந்தார். வெளிப்படையாகக் கேட்கப்பட்டதும் பணம் இல்லை. காவிரி நீர், பெங்களூரில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, தடா கைதிகளின் விடுதலை என்று ஒரு பட்டியல். கைதிகளை விடுவதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. பணம் கைமாறியதா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. காட்டுக்குள் இருந்தவனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அந்த 108 நாளும் எல்லையின் இரு பக்கமும் மக்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, குரோசாவாவின் ஹாலில் ஒரு மணி நேரம் காத்திருப்பது நீளமாகத் தெரியாது.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பணயக் கடத்தலுக்கென்று 364ஏ என்ற பிரிவு 1993இல்தான் சேர்ந்தது. தண்டனை மரணம் அல்லது ஆயுள் சிறை. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 140(2). அரசையோ வேறு எந்த ஆளையோ ஒன்றைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ, பணம் தரவோ கட்டாயப்படுத்தினால் என்று அதில் இருக்கிறது. ஆக, டிரைவர் மகனை வைத்து முதலாளியிடம் கேட்டாலும் அது பணயம்தான், சிலையைத் திற என்று கேட்டாலும் பணயம்தான். ஆனால் கடத்தினான், பணம் கேட்டான் என்பது மட்டும் இந்தப் பிரிவுக்குப் போதாது. கொன்றுவிடுவேன், காயப்படுத்துவேன் என்று மிரட்டியதையோ, அப்படி அஞ்சும்படி நடந்துகொண்டதையோ, உண்மையில் அப்படிச் செய்ததையோ நிரூபிக்க வேண்டும். 2021இல் தெலங்கானாவின் பள்ளி மாணவன் ஒருவனது வழக்கில், மிரட்டல் நிரூபிக்கப்படவில்லை என்று ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஏழு ஆண்டாக்கியது. போனில் என்ன பேசினான் என்ற பதிவு எவ்வளவு முக்கியம் என்பது இங்கேயும் தெரிகிறது.

வெளிநாட்டுக் கதை நமக்கு ஒட்டாது என்று சேலத்துக்காரர் யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் இது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 'மந்திரி குமாரி' படத்துக்கு வேலை செய்தது இங்கேதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்து வந்தது. வண்ணம் என்ன செய்யும் என்று முதலில் தெரிந்துகொண்ட ஊர். அதற்காகவே இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஒரு இடத்தில், சில நொடிகள் மட்டும் வரும் நிறத்தை நீங்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 'ஹை அண்ட் லோ' கதையின் வேர் எட் மெக்பெயின் என்ற அமெரிக்கர் 1959இல் எழுதிய நாவல். 2025இல் ஸ்பைக் லீ அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோய், டென்சல் வாஷிங்டனை இசைக் கம்பெனி முதலாளியாக்கிப் படம் எடுத்தார். டிரைவரின் மகன் அதிலும் உண்டு. நம்முடைய 'சூது கவ்வும்' படத்தின் கடத்தல்காரர்கள், தருகிறவரால் தாங்க முடிந்த சின்னத் தொகையாகக் கேட்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், தாங்க முடியாத தொகையைக் கேட்டால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்பதை இந்தப் படத்தில் பார்க்கலாம்.

'ஹை அண்ட் லோ' 143 நிமிடப் படம். பையன் ஆற்றங்கரையில் கிடைத்ததும் ரிமோட்டைத் தேடாதீர்கள், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வீட்டில் டிரைவராக இருந்தவர் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கடைசிவரை பாருங்கள்.